விராலுக்கு லைசென்ஸ்

அன்று காலை குளத்தங்கரையில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

மடக்கு நாற்காலியில் ஒரு மலாய்ப் பெரியவர். பாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், மாமா என்கிற மாதிரி. தினமும் வருவார். தூண்டில் போடுவார், மீன் மாட்டும், அதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், பிறகு தண்ணீரில் விட்டுவிடுவார்.

நேப்பாளத்துக் கார்டு. காவல் கூண்டிலிருந்து வந்து மரத்தடியில் நின்றிருந்தான்.

ஒரு சீனத்து அம்மா. கையை வீசிக் குளத்தைச் சுற்றி நடப்பவர். என் வாளியைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

தாமான், எங்கள் குடியிருப்பு, அதன் கமிட்டிச் செயலாளர். நம்ம ஆள். பேங்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற சப்பாத்து போட்டிருந்தார், சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

நான். கையில் தூண்டில், கழுத்தில் லைசென்ஸ் அட்டை.

வாளியில் ஒரு விரால்.

என் வீட்டுக்காரர் அங்கே இல்லை. அவர் வீட்டில், இடது காலை இன்னொரு நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீன் அவருக்குத்தான்.

அந்தக் குளம் எஸ்டேட் இருந்தபோது வெட்டியது. ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடுகள் வந்தன. பெம்பானுக்குப் போகும் சாலையில் இப்போது பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி ஓட்டு வீடுகள். எஸ்டேட் ஆட்களுக்குக் கடைசி வரிசையில் மலிவு விலை வீடு கொடுத்தார்கள். குறை சொல்லவில்லை, ஒழுகாத வீடு. குளத்தை மட்டும் மூடவில்லை. மழைத் தண்ணீர் போய் நிற்க ஓர் இடம் வேண்டுமாம். சுற்றி நடைபாதை போட்டு, வேலி போட்டு, ஒரு போர்டு வைத்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாது.

போர்டு வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் தூண்டிலைக் கூரைக்கடியில் செருகி வைத்துவிட்டார். லைசென்ஸ் எடுக்கவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. "அவன் எடத்துல அவன் போர்டு வச்சிருக்கான், நமக்கென்ன" என்றார்.

செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. குதிகாலில் செம்பனை முள் ஏறியது தெரியவே இல்லை. சப்பாத்தைக் கழற்றியபோது சாக்ஸ் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன். அப்போதே சீழ் வைத்திருந்தது. மருந்து கட்டினோம். ஆறவில்லை. மேலே ஏறியது. குதிகால் கறுத்தது.

மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரப் பெண். படம் எடுத்துக் காட்டினார். பாதத்தை எடுத்துவிட்டால் காலைக் காப்பாற்றலாம் என்றார்.

என் வீட்டுக்காரர் சொன்னார்: "ஹருவான் சாப்பிட்டுப் பாத்துட்டு வர்றேன், டாக்டர்."

ஹருவான் என்றால் விரால். எங்கள் பக்கம் யாரும் விரால் என்று பேச்சில் சொல்வதில்லை. வெட்டுப்பட்ட காயத்துக்கும் பிள்ளை பெற்ற வயிற்றுக்கும் மலாய்க்காரர், சீனர், நாம், எல்லோருக்கும் அதுதான். இஞ்சி போட்டு, உப்பும் காரமும் இல்லாமல், ஆவியில் வைத்து இறங்கும் சாற்றைக் குடிக்க வேண்டும்.

டாக்டர் சிரிக்கவில்லை. "நானும் குடிச்சிருக்கேன், பிள்ளை பெத்தப்ப. குடிங்க. ஆனா அதுக்காகக் காத்திருக்காதீங்க" என்றார்.

இவர் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

பாசாரில் விரால் கிடைக்கும், தொட்டியில் உயிரோடு. அது வேண்டாம் என்றார். வளர்ப்பு மீன், கோழிக்குடல் போட்டு வளர்க்கிறான் என்றார். ஜொகூரில் இருக்கும் மகள் விரால் சாறு போட்ட போத்தல் வாங்கி அனுப்பினாள். பெட்டியில் மீன் படம் இருந்தது. ஒரு மூடி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாரு. இது மீனா, தைலமா? கால்ல தடவுறதா, வாயில ஊத்துறதா?"

மகள் போனில் அழுதாள். அழுதபடி கோபித்தாள்.

"அப்பா, அந்தக் குளத்து மீனுதான் வேணும்னா விடியறதுக்கு முன்னாடி போயி பிடிச்சுக்க வேண்டியதுதானே. யாரு பாக்கப் போறா?"

"என் காலு பாக்கும்" என்றார்.

இதை நான் விளக்க வேண்டும். எஸ்டேட்டில் மருந்துச் செடி பிடுங்குகிறவர்கள் கேட்டுத்தான் பிடுங்குவார்கள். செடியிடம் கேட்பார்கள். வேலி இருந்தால் வேலிக்காரரிடமும் கேட்பார்கள். கேட்காமல் எடுத்த மருந்து உடம்பில் ஏறாது. மாங்காய் திருடலாம், தேங்காய் திருடலாம், அது வேறு. மருந்தைத் திருடக் கூடாது. நானும் அப்படித்தான் நம்பினேன். இப்போதும் முழுதாக விட்டுப் போகவில்லை.

அதனால் லைசென்ஸ் வேண்டும். அவரால் கரையில் நிற்க முடியாது. ஆகவே என் பேரில் வேண்டும்.

மீன் லைசென்ஸ் என்றால் அரசாங்கத்தில் கொடுப்பது என்று நினைத்தேன். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மலாக்காவுக்கு பஸ் ஏறினேன். மீன்வள இலாகா முகப்பில் இருந்த பெண் எந்த ஆறு என்று கேட்டாள். ஆறு இல்லை, தாமான் குளம் என்றேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அது தனியார் குளம், நாங்கள் ஒன்றும் கொடுக்க முடியாது, குளம் யாருடையதோ அவர்கள் அனுமதிதான் என்றாள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றும் கேட்டாள். நல்ல பெண்.

வீடு கட்டிய கம்பெனிக்குப் போன் போட்டேன். குளத்தைத் தாமான் கமிட்டியிடம் ஒப்படைத்துவிட்டோம் என்றார்கள். அப்புறம்தான் செயலாளர் வீட்டுக்குப் போனேன். முதல் வரிசை, முனை வீடு. நாய் குரைத்தது. அவரே வந்து கதவைத் திறந்தார்.

"வாங்கக்கா. பசியாறிட்டீங்களா?"

"ஆச்சு தம்பி. குளத்துல மீன் பிடிக்க லைசென்ஸ் வேணும்."

"உங்களுக்கா?" சிரித்துவிட்டார். "அண்ணன்ல பிடிப்பாரு. நீங்க எப்பலேர்ந்து?"

"இப்பலேர்ந்துதான்."

ஐசி, அதாவது அடையாள அட்டை நகல், கரண்டு பில் நகல், ஒரு போட்டோ கேட்டார். கரண்டு பில் வீட்டுக்காரர் பேரில் இருந்தது. பில் யார் பேரிலோ அவர் பேரில்தான் லைசென்ஸ், வேறு ஆள் பிடிக்கக் கூடாது என்றார். வீட்டுக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் என் பேரில் போடலாம். திரும்ப வந்து அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனேன்.

"இத மீட்டிங்ல வைக்கணும்கா."

"எப்ப மீட்டிங்?"

"மாசக் கடைசி."

"அவருக்குக் காலு அழுகுது தம்பி."

அவர் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா."

"மீன் சாப்பிட்டுட்டுத்தான் போவேங்கிறாரு."

"நான் ஒரு ஆளா சைன் போட முடியாது லா. போட்டா, எனக்கு வேண்டியவங்களுக்குக் குடுத்தேம்பாங்க. நம்ம ஆளுக்குக் குடுத்தேன்னு இன்னும் நல்லாவே சொல்லுவாங்க. வாட்சாப்ல கேட்டுப் பாக்கிறேன்."

கேட்டார். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கே கேட்டார். நிறையப் பேர் சரி என்று கட்டைவிரல் படம் போட்டார்களாம். ஆனால் கட்டைவிரல் கையெழுத்து ஆகாதாம். எங்கள் ஆட்கள் எஸ்டேட்டில் கட்டைவிரல் வைத்துத்தான் சம்பளம் வாங்கினார்கள். அதை நான் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் மீட்டிங் நடக்கவில்லை. ஆள் சேரவில்லை. பள்ளி விடுமுறை, எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அடுத்த மாதம் என்றார்கள்.

அந்த நாட்களில் அவர் எனக்குத் தூண்டில் வீசச் சொல்லிக்கொடுத்தார். தூண்டில் நுனியில் பழைய சிலிப்பரை வெட்டி ஒரு துண்டு கட்டினார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கால் துணியில் சுற்றி இருக்கும். ஈயை விசிறியபடி பார்ப்பார். எதிர்வீட்டு வேலிக்குப் பக்கத்தில் இருந்த பூச்சட்டிதான் குறி. நான் வீசினால் சிலிப்பர்த் துண்டு துணிக்கொடியில் போய் மாட்டும்.

"மீன் பிடிக்கிறியா, துணி தொவைக்கிறியா?"

"பேசாம இருங்க."

"மணிக்கட்ட மட்டும் ஆட்டு. தோளு எதுக்கு வருது? கூட்டுறதுக்கா போற?"

கூட்டுவதுதான் என் வேலை. ஒரு காலேஜில் மாடிப்படி கூட்டுகிறேன். அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வருஷத்தில் நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

பூச்சட்டியில் விழும்படி வீசக் கற்றுக்கொண்டேன். அதற்குள் கறுப்பு குதிகாலிலிருந்து கணுக்காலுக்கு வந்திருந்தது. வாடை வந்தது. ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன். ஊதுபத்தி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு வாரமும் கேட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று. லைசென்ஸ் வரட்டும் என்பார். திட்டிப் பார்த்தேன். மகள் வந்து காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், நல்ல காலை. அவள் தலையைத் தடவினார். "ரெண்டு மீனு. ரெண்டே மீனு சாப்பிட்டுட்டு வர்றேன். அதுக்கப்புறம் எங்க வேணா வெட்டட்டும்."

அடுத்த மீட்டிங் நடந்தது. லைசென்ஸ் வந்தது. செயலாளரே கொண்டு வந்து கொடுத்தார். பிளாஸ்டிக் அட்டை, கழுத்தில் மாட்ட நாடா. முன்பக்கம் என் போட்டோ, பேர், வீட்டு நம்பர். என் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் பார்த்தார். "இப்ப ஏறும்" என்றார்.

பின்பக்கம் சின்ன எழுத்தில் மலாயில் ஏதோ இருந்தது. படிக்கவில்லை. மீன் பிடிக்க லைசென்ஸ் என்றால் மீன் பிடிக்கலாம், அவ்வளவுதான் என்று நினைத்தோம். பிடித்த மீனைச் சாப்பிடக் கூடாது என்று ஒருவர் எழுதி வைப்பார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அந்த மலாய்ப் பெரியவர் பிடிப்பதும் விடுவதுமாக இருந்ததை வேலைக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். வீட்டில் மீன் கழுவ ஆள் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளன போனேன். வடிகாலில் பிடித்த தவளைக் குஞ்சு டின்னில் இருந்தது. ஆகாயத்தாமரை ஓரமாக வீசு, மெதுவாக இழு, நிறுத்து, இழு என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்படியே செய்தேன். சூரியன் வீட்டுக் கூரைகளுக்கு மேலே வந்தபோது தண்ணீர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். கயிறு இழுத்தது. தோளை வைத்து இழுத்தேன், அவர் சொன்ன மணிக்கட்டெல்லாம் மறந்துபோனது. மலாய்ப் பெரியவர் எழுந்து வந்து வலை பிடித்துக் கொடுத்தார். கரைக்கு வந்தது. என் முன்னங்கை நீளம். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு. வாளியில் போட்டேன். சுருண்டு கிடந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.

சீனத்து அம்மா "பெசார்" என்றார். பெரிசு என்று. கார்டு போனில் படம் எடுத்தான். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

செயலாளர் ஓடிக்கொண்டு வந்தவர் நின்றார். வாளியைப் பார்த்தார்.

"அக்கா, இத எங்க கொண்டு போறீங்க?"

"வீட்டுக்கு."

"அக்கா..." மூச்சு வாங்கினார். "அட்டைக்குப் பின்னால பாக்கலியா?"

அட்டையைத் திருப்பினேன். எழுத்து கண்ணுக்குப் பிடிபடவில்லை. மலாய்ப் பெரியவர் வாங்கிப் படித்தார். பிடித்த எல்லா மீனையும் உடனே உயிரோடு குளத்தில் விட வேண்டும். யாரும் மீனைக் குளத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. மீறினால் லைசென்ஸ் ரத்து.

படித்துவிட்டுப் பெரியவரே செயலாளரிடம் மலாயில் சொன்னார், "மருந்துக்குத்தான் கேக்கிறாங்க. ஒண்ணு விடேன்."

"எனக்குத் தெரியும் பாக்சிக். இன்னிக்கு ஒண்ணு விட்டா நாளைக்கு எல்லாரும் பக்கெட்டோட வந்து நிப்பாங்க. போன வருஷம் வலை போட்டு அள்ளிட்டுப் போனாங்களே, மறந்துட்டீங்களா? அதுக்குத்தான் இந்த ரூலே வந்துச்சு." பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், மெதுவாக: "நீங்க மருந்துக்குன்னு சொன்னீங்க. நான்தான் அப்பவே சொல்லியிருக்கணும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிட்டேன்."

"மீட்டிங்ல கேக்க முடியுமா?"

"கேக்கலாம். மாசக் கடைசில."

வாளியைக் கீழே வைத்தேன். பெரியவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். தூக்கித் தண்ணீர் ஓரமாகச் சாய்த்தேன். விரால் உடனே போகவில்லை. கரைச் சேற்றில் கொஞ்ச நேரம் கிடந்தது, பிடித்துக்கொள் என்கிற மாதிரி. அப்புறம் வாலை அடித்துப் போய்விட்டது.

செயலாளர் நடந்து போனார். ஓடவில்லை.

அவர் வளைவு தாண்டியதும் மலாய்ப் பெரியவர் தன் நாற்காலியை எடுத்து அந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டார். "காக், இன்னொண்ணு வீசு. நான் ஒண்ணும் பாக்கல." காக் என்றால் அக்கா. கார்டு கூண்டுக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். சீனத்து அம்மா மறுபடி கையை வீசி நடக்க ஆரம்பித்தார். எல்லோரும் எனக்காகத்தான் செய்தார்கள்.

நான் கயிற்றைச் சுற்றினேன்.

"ஊபாட் சூரி, தாக் ஜாடி" என்றேன். திருடிய மருந்து ஆகாது. என் மலாய் அவ்வளவுதான்.

பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்தது.

வீட்டில் இவர் இஞ்சி நறுக்கி வைத்திருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒற்றைக் காலில் தாவி அடுப்படி வரை போயிருக்கிறார், தரையில் துணியிலிருந்து கசிந்தது சொட்டுச் சொட்டாக இருந்தது.

"மாட்டலியா?"

"மாட்டுச்சு."

"எவ்ளோ?"

கையைக் காட்டினேன்.

"எங்க கடிச்சுச்சு?"

"ஆகாயத்தாமர ஓரம்."

"நான் சொன்னேன்ல" என்றார். முகம் மலர்ந்திருந்தது, வாளியை இன்னும் பார்க்கவில்லை. பிறகு பார்த்தார்.

நடந்ததைச் சொன்னேன். அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். மேசைமேல் வைத்தார்.

"பாக்சிக் பாக்காத மாதிரி இருந்தாரு. கார்டுகூட" என்றேன்.

"நீ எடுக்கலியே?"

"இல்ல."

"கேட்டோம். குடுக்கல. விட்டுற வேண்டியதுதான்." நறுக்கிய இஞ்சியைக் கையால் ஒன்று சேர்த்தார். "காடி கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அடுப்பை அணைத்தேன்.

மீன் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. மீன் வரும் வரை அவர் வீட்டை விட்டு அசையவில்லை. அதைத்தான் சொல்கிறேன். எனக்கு அந்த மீட்டிங் நடக்காத மாதம்தான் கண்ணில் நிற்கிறது.

அதே டாக்டர்தான். துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பாதம் இல்லை, முட்டிக்குக் கீழே என்றார். உள்ளே கொண்டுபோன பிறகு வெளியே வந்து, முட்டிக்கு மேலே என்றார்.

எடுத்த காலைக் குடும்பத்தார் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். வாங்கிக்கொண்டோம். மகளின் வீட்டுக்காரர் காடியில் வைத்துக் கொண்டுபோனார். எஸ்டேட் சுடுகாட்டில் ஓர் ஓரமாகப் புதைத்தோம். பூ மட்டும் போட்டேன். என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

அவர் கண் விழித்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"அந்த ஹருவான்..."

"என்னங்க?"

"குஞ்சோட இருந்துச்சா?"

"இல்ல. தனியாத்தான் இருந்துச்சு."

"சரி" என்றார். குஞ்சோடு இருக்கும் விராலை அவர் எப்போதும் பிடிக்க மாட்டார்.

விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். காய்ச்சல் வந்தது, இறங்கியது, மறுபடி வந்தது. அப்புறம் என்னைத் தெரியவில்லை. காலைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவரையும் புதைத்தோம். மற்றவர்களைப் போல எரிக்கவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று நான் சொன்னேன். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

செயலாளர் வந்திருந்தார். வெளியே வேலிப் பக்கம் நின்றார். தேத்தண்ணி கொடுத்தார்கள், வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

எட்டாம் நாள் படையலுக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தோம். மகள் கேட்டாள், "பாசார்லேர்ந்து ஹருவான் வாங்கிட்டு வரட்டுமாம்மா? இப்பயாவது..." வேண்டாம் என்றேன். நெத்திலி பொரித்து வைத்தேன்.

சில மாதம் கழித்து செயலாளர் வீட்டுக்கு வந்தார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை.

"அக்கா, அத மீட்டிங்ல வச்சேன்."

"எத?"

"மருந்துக்கு எடுக்கிறத. எல்லாரும் சைன் பண்ணிட்டாங்க. ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லல."

"சரி தம்பி."

"முன்னாடியே செஞ்சிருக்கலாம்..."

"சரி தம்பி. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது குளத்துப் பக்கம் நின்றேன். போர்டில் பழைய எழுத்துக்குக் கீழே புதிதாக எழுதியிருந்தார்கள். பெயிண்ட் இன்னும் மினுமினுப்பாக இருந்தது. இந்தத் தடவை கடைசி வரை படித்தேன். பஸ் போய்விட்டது, இருந்தாலும் படித்தேன். விரால் மட்டும். மருந்துக்கு மட்டும். டாக்டர் கடிதம் காட்ட வேண்டும். ஒரு வீட்டுக்கு, மாதம் இரண்டு.